எலும்புக்குச் சொன்ன சேதி

புதன்கிழமை. அந்த்சிராபே சிறைவாசல்.
காவலர் ரீவு என் சோற்றுப் பானைக்குள்
கம்பியை விட்டுக் குடைகிறார்,
கத்தி இருக்கிறதா என்று.
கல்கூட இல்லை ஐயா, நானே பொறுக்கினேன் என்கிறேன்.
சிரிக்கமாட்டார்.
சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் போல.

உள்ளே நாளுக்கு ஒரு வேளை அவித்த மரவள்ளி.
அதுவும் வரிசையின் வால் வருமுன் தீர்ந்துவிடும்.
வாலில் நிற்பவர்களுக்குத்தான் என் பானை.

ஆண்டவரே, முதல் வருடம்
சோற்றுக்கு முன்னால் ஜெபத்தை வைத்தேன்.
நான் கண்மூடி நீட்டி முழக்க,
அவர்கள் கண்மூடாமல்
பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு வெட்கமாகிவிட்டது. உமக்கு எப்படியோ.
அன்றிலிருந்து ஜெபத்தை
அடுப்படியிலேயே முடித்துக்கொள்கிறேன்.
அகப்பைக்கு ஞானஸ்நானம் கிடையாது.

மஹஜங்கா ஊர்க்காரன் சைந்து
ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தான்.
எனக்குச் சுருக்கென்றது.
என் கைச்சோறு உனக்கு இறங்காதோ?
"நோன்பு, அம்மா" என்றான், கெஞ்சுகிற குரலில்.
அடுத்த வாரம் அவன் பங்கைக்
கம்பளியில் சுற்றிக் கொண்டுபோனேன்,
பொழுது சாயும்வரை சூடு நிற்கட்டுமென்று.
ரீவு கம்பளிக்குள்ளும் கம்பி விட்டார்.

பிறகு சிலாவு.
மாடு திருடிய வழக்கு. இரண்டு வருடம் பத்து மாதம்.
நீதிபதியின் முகம் எப்படியிருக்கும் என்றே தெரியாது.
கோப்பை எலி கடித்துவிட்டது என்கிறார் எழுத்தர்.
மாதம் ஒருமுறை அவர் மேசை முன் நின்று
நான் அதே கேள்வியைக் கேட்பேன்,
அவர் அதே எலியைச் சொல்வார்.

சிலாவு கேட்டது சோறல்ல.
"ஆகஸ்டில் எங்கள் கல்லறையைத் திறக்கிறார்கள்.
அப்பாவுக்குப் புதுப்பட்டு சுற்றுவார்கள்,
மூத்தவன் நான் இல்லாமல்.
நீங்கள் போய் அவர் காதில் சொல்லவேண்டும்."

மரித்தவர்களுக்குக் காதில்லை பக்கூலி,
என்றார் போதகர். சபை என்ன நினைக்கும்?
தெரியும் ஐயா.
ஓய்வுநாள் பள்ளியில் அதைச் சொல்லித்தருகிறவளே நான்தானே.
இரண்டு இரவு தூக்கமில்லை.
உம்மிடம் கேட்டேன். நீர் வாயே திறக்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லையே என்று
வேனில் ஏறிவிட்டேன்,
ஒரு ஆட்டுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்.

மலைமேல் பித்தளை வாத்தியம், ரம் வாசனை.
செத்தவர்களைத் தோளில் ஏந்தி ஆடுகிறார்கள்,
வெகுநாள் கழித்து வந்த விருந்தாளியைத்
தரையில் விட மனமில்லாதவர்கள்போல.
என் கழுத்துச் சிலுவையை ஒருத்தி முறைத்தாள்.
பிறகு அவளேதான் பட்டின் ஒரு முனையை
என் கையில் திணித்தாள், பிடி என்று.
எதிர்முனையில் சிலாவின் தம்பி.

குனிந்தேன்.
பழைய துணியின் தூள் மூக்கில் ஏறித் தும்மினேன், மன்னியும்.
அவன் சொன்ன வரிசை மாறாமல் சொன்னேன்:

மாட்டை நான் எடுக்கவில்லை அப்பா.
உங்கள் கடிகாரத்தை விற்றது நான்தான்.
முழங்கால் வலி இப்போது தேவலையா?

எலும்பு அசையவில்லை.
எதிர்முனை நடுங்கியது.

"அப்பா என்ன சொன்னார்?"
சிலாவு கேட்டபோது பொய் வரவில்லை எனக்கு.
கனமே இல்லை உன் அப்பா என்றேன்.
உன் தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்,
சோறு ஆறியது.

அடுத்த புதன் தம்பி வரவில்லை.
அதற்கடுத்ததும்.
செப்டம்பர் கடைசியில் வாசலில் நின்றான்,
தோளில் அரைமூட்டை பீன்ஸ்.
உள்ளே வரமாட்டேன் என்றான்.
பானையின் ஒரு காதைப் பிடித்துப்
படிவரை தூக்கிவந்து இறக்கினான்.
இதையா ஒற்றையாளாகத் தூக்கினீர்கள் என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனான்.

மூட்டையிலிருந்து ஆறு படி அளந்து
ஊறப்போட்டுவிட்டேன், ஆண்டவரே.
காலையில் எழுத்தரிடம் போய்
எலியை விசாரிக்கவேண்டும்.